நான்காம் கதவு

இருபதாவது வளைவில் ஸ்கூட்டரை நிறுத்தி
கிரீஸ் டப்பா கவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்தேன்.
கவிழ்ந்துதான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஏற்காடு வருகிறேன்,
முதியோர் இல்லத்தின் ஏழு கதவுகளுக்காக.
ஐப்பசியில் மரம் தண்ணீர் குடித்து உப்பும்.
இழைப்புளி போட்டுச் சீவினால்
மாசியில் இடுக்கு விழுந்து குளிர் நுழையும்.
இதைச் சொன்னால் மேனேஜர்,
"ரெண்டு சீசனுக்கும் சேத்து ஒரே ரேட் போடுங்க" என்கிறார்.

கீல், குளோசர், கைப்பிடி.
சக்கர நாற்காலி இடித்த தழும்புகள் ஒரே உயரத்தில்.
எண்பலகையில் இரண்டும் ஒன்பதும் மட்டும் தேய்ந்திருக்கின்றன.
எண்ணை மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன்.
மறதிக்காரர்களைப் பூட்டிவைக்க
மறக்காத எண்தான் வேண்டுமாம் சிஸ்டர்களுக்கு.

இந்த முறை புகார் நான்காம் கதவு.
போன வியாழன் ராத்திரி கரண்ட் போயிருக்கிறது.
பேட்டரி எழவில்லை.
காந்தப் பூட்டு கையை விட்டுவிட்டது.
தீப்பிடித்தால் தானே திறக்க வேண்டும் என்று செய்த பூட்டு;
தீயும் இருட்டும் அதற்கு ஒன்றுதான்.

இருபத்தாறு பேர், திறந்த கதவு,
வெளியே பனி, அதற்கப்பால் பள்ளம்.
ஒருவரும் போகவில்லை.
போனது நைட் டியூட்டி ரெஜினாள்தான்,
போனுக்குச் சிக்னல் தேடி, சில்வர் ஓக் வரை.

திரும்பி வந்தால் கதவு சாத்தியிருக்கிறது.
உள்ளே மாதையன்.
மேட்டூர் லைனில் முப்பத்தொரு வருஷம் கேட் கீப்பர்,
சம்சாரத்தின் பெயரைச் சித்திரையில் தொலைத்தவர்,
இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி:
"கரி வண்டி வருது. யாரும் கிராஸ் பண்ணக் கூடாது."

பதினெட்டு நிமிஷம்.
கெஞ்சினாளாம். அதட்டினாளாம்.
வெளியிலிருந்து அவளும் இழுத்துப் பார்த்தாளாம்.
கடைசியில் பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி
போன் டார்ச் மேல் போர்த்தி
கண்ணாடிக்கு நேரே மெதுவாக ஆட்டியிருக்கிறாள்.
எப்படித் தோன்றியதென்று நான் கேட்கவில்லை.
கார்டு பெட்டி கடந்துவிட்டது.
அவரும் கையைத் தூக்கிக் காட்டி
கதவைத் திறந்துவிட்டு
படுக்கப் போய்விட்டார்.

பேட்டரி மாற்றினேன்.
இருநூற்றெழுபது கிலோ இழுவை தாங்கும் என்று
காந்தத்தின் பெட்டியில் போட்டிருக்கிறது.
தீ மணியை அமுக்கினேன், டக்கென்று விட்டது, சரி.

கைப்பிடியைத் தொட்டபோதுதான் ஆடியது.
நான்கு ஸ்குரூவில் இரண்டு
மரச்சிலும்போடு பிய்ந்து வந்திருந்தன.
புகாரில் அது இல்லை.
பையைத் துழாவி
மூன்றங்குல ஸ்குரூ நான்கு எடுத்து
உட்பக்கமாகவே முடுக்கினேன்,
கை வலிக்கும் வரை.
பில்லில் பேட்டரி மட்டும்.