சேணப் புள்ளி

உயர்தரத்தில் உயிரியல் என்றதும்
கணக்குக்குக் கும்பிடு போட்டவர்கள் நாங்கள்.
அது இரண்டு வருசம் கழித்து
தேஸ்டன் வீதியில் எங்களுக்கு முன்னமே வந்து
முதல் வாங்கில் உட்கார்ந்திருந்தது.

வீரக்கோன் மிஸ் ஆங்கிலத்தில் சொல்வதைக்
கொப்பி ஓரத்தில் தமிழாக்கி வைப்பேன்:
பகுதி வகையீடு.
ஒன்றை மட்டும் அசைய விடு,
மற்றதெல்லாம் மாறிலி என்று நினை.
நுளம்புக் குடம்பிகளின் எண்ணிக்கை
மழைக்கும் வெப்பத்துக்கும் தேங்கிய தண்ணீருக்கும் கட்டுப்பட்டது.
வெப்பத்தைப் பிடித்து வை, தண்ணீரைப் பிடித்து வை,
மழையை மட்டும் பெய்ய விடு.

"யார் மிஸ் பிடிக்கிறது?" என்றாள் அஸ்மியா.
வகுப்பு சிரித்தது. மிஸ்ஸும்தான்.

சேணப் புள்ளி எனக்கு ஏறவேயில்லை.
குதிரையை நான் கண்டது காலிமுகத்திடலில்,
சேணத்தின் மேல் பொலிஸ்காரர் இருந்தார்.
கன்ரீனில் சோற்றுப் பார்சலைப் பிரித்து
நெளிந்த பப்படமொன்றைத் தூக்கிக் காட்டினாள்:
"இப்பிடிப் போனா இதுதான் பள்ளம்.
இப்பிடிப் போனா இதுதான் மேடு.
ஒரே இடம்தான்டி."
பிறகு அந்த இடத்தைக் கடித்தாள்.

வைகாசி மழை. வெள்ளவத்தை அறையில்
மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல்.
நாலாம் நாள் விடிய எழும்பி இருந்து
பிளேன்ரீ கேட்டாள். நெற்றி குளிர்ந்திருந்தது.
நான் குளித்து, சட்டைக்கு அயன் போட்டு,
நூற்றி ஐம்பத்தைந்தில் ஏறி
வகையீட்டுப் பரீட்சைக்குப் போய்விட்டேன்.

காய்ச்சல் விடுகிற நாளில்தான் பார்த்துக்கொண்டிருக்க வேணும்
என்று வோட்டில் மிஸ்ஸி சொன்னா,
திட்டுகிற குரலில்.

கட்டில் தலைமாட்டில் ஒரு தாள்.
வெப்பத்தின் கோடு இறங்கி வழமைக்கு வந்திருந்தது.
அதற்குக் கீழே குருதிச் சிறுதட்டுகள்:
அறுபதாயிரம், நாற்பத்தோராயிரம், பத்தொன்பதாயிரம்.
ஏறிய சேலைன், குடித்த தண்ணீர், போன சலம்,
மணிக்கு மணி நிரப்பிய கட்டங்கள்.
எதையும் யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை.

உம்மா புத்தளத்திலிருந்து நனைந்த பையோடு வந்து
"என்ன மகள் எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டா.
கணக்குப் படிக்கிற பிள்ளையாம் நான்.
பத்தொன்பதுக்குப் பிறகு பதினேழு.
"இன்னும் குறையுது உம்மா,
ஆனா குறையிற வேகம் குறையுது."
"அது நல்லமா?"

நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அஸ்மியா கண் திறக்காமல்
"பப்படம்" என்றாள்.
பிள்ளைக்குப் பசிக்குது போல என்று
உம்மா பையைத் திறந்து தேடத் தொடங்கினா.