வினைமுற்று

தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து
நாற்பத்தொரு சொல்லில் ஒரே வாக்கியம் எழுதினேன்.
'அணைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில்
தொடர்ந்து பெய்துவரும் கனமழையினைத் தொடர்ந்து'
என்று புறப்பட்டு
கரையோரப் பொதுமக்கள், உரிய முன்னெச்சரிக்கை,
பாதுகாப்பான இடங்கள் எல்லாம் சுற்றி
'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று போய் நின்றது.
யார் கேட்டுக்கொள்கிறார் என்று கடைசிவரை சொல்லாது.
தாசில்தார் ஒரு காற்புள்ளி சேர்த்துக்
கையெழுத்துப் போட்டார்.

இரவு பத்தே கால். சேரன்மகாதேவியில் கரண்ட் இல்லை.
மைக் இருந்தது மாசானமுத்துவின் ஆட்டோவில்தான்.
காலையில் அதில்
நூறு ரூபாய்க்கு மூன்று நைட்டி கூவியிருந்தான்.
டார்ச் அடித்து என் தாளை
வாய்க்குள் ஒருமுறை ஓட்டினான்.
"என்ன செய்யணுங்கிறது கடைசியிலல்லா வருது சார்?"
தமிழ் அப்படித்தான், வினைமுற்று
கடைசியில்தான் வரும் என்றேன்.
"தண்ணி முந்திரும் சார்."

ஒரு சொல்லும் உதிராமல் பார்த்துக்கொள்ள
நானும் பின்சீட்டில் ஏறினேன்.
முதல் தெரு. தாளில் உள்ளபடியே வாசித்தான்.
'நீர்ப்பிடிப்பு' முடிவதற்குள் ஒரு வீடு போய்விட்டது.
'கனமழையினை'க்கு இன்னொன்று.
வீட்டுக்கு மூன்று சொல் விழுந்திருக்கும்,
மழைச் சத்தத்தில் அதுவும் பாதி.
திருப்பத்தில் ஒரு ஜன்னல் திறந்தது:
"இப்பவும் நூறு ரூவாதானா?"

மாசானமுத்து தாளை நாலாக மடித்து
வைப்பர் ஓடாத கண்ணாடியைத் துடைத்தான்.
பிறகு மைக்கைக் கிட்டே வைத்து,

ஆறு வருது. ஏறு.

எதுகை தானாக வந்து விழுந்திருந்தது,
அவன் கவனிக்கவில்லை.
தெரு நெடுகக் கதவுகள் திறந்தன.
'ஏறுங்கள்' என்றாவது சொல்லப்பா, மரியாதையாக...
நான் முடிப்பதற்குள் அடுத்த தெரு.

அதோடு முடிந்திருந்தால்
அவனை நான் கும்பிட்டிருக்கலாம்.
வாய்க்கால் முக்கில் முப்பிடாதி
இடுப்பில் பிள்ளை, தலையில் அரிசிப் பையோடு
வண்டியை மறித்தாள்.
"எங்க ஏறச் சொல்லுத? தென்னமரத்துலயா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
என் நாற்பத்தொன்றையும் மனசுக்குள் துழாவினேன்.
'பாதுகாப்பான இடங்கள்' கிடைத்தது.
அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று
எழுதியவனுக்கே தெரியாது.

"ஸ்கூல் மாடி இருக்கு," என்றாள் அவளே.
"சாவி தொரப்பாண்டிட்ட."
அன்றிரவு நான் செய்த ஒரே வேலை
இறங்கி, முழங்கால் தண்ணீரில்
துரைப்பாண்டி வீட்டுக்கு ஓடியது.
பூட்டு திறந்ததும்தான்
மைக்கில் இரண்டு சொல் கூடிற்று:

ஆறு வருது. ஸ்கூல் மாடிக்கு ஏறு.

முதல் தெருவுக்குத் திரும்பிப் போனோம்.
முழு வாக்கியமும் வாசித்த தெரு.
அங்கே யாருக்கும் இன்னும் யாரும்
எதுவும் சொல்லியிருக்கவில்லை.

விடியலில் மாடியிலிருந்து பார்த்தபோது
அந்தத் தெருவில் சுவிட்சு மட்டத்துக்குத் தண்ணீர்.
மூன்று நைட்டி ஒரு கொடியோடு
மிதந்து போயின.

பத்தாம் நாள் மேலிடத்துக் கடிதம்:
அங்கீகரிக்கப்பட்ட வாசகம்
முழுமையாக வாசிக்கப்படாமைக்கான காரணத்தை
உரிய விளக்கத்துடன் சமர்ப்பிக்குமாறு.
நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.
மாசானமுத்து என் பேனாவையே வாங்கி
'நேரமில்லை' என்று எழுதி
கீழே பெயர் போட்டான்.
இரண்டையும் இணைத்து அனுப்பினேன்.

இப்போதும் நீளமாகத்தான் எழுதுகிறேன்;
சம்பளம் அதற்குத்தான்.
ஆனால் 'உரிய', 'தகுந்த', 'பாதுகாப்பான' என்று
பேனா இறங்கும் இடத்தில்
தலையில் அரிசிப் பையோடு ஒருத்தி
வண்டியை மறிக்கிறாள்.
சாவி யாரிடம் என்று
எழுந்துபோய் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இதுவும் நீண்டுவிட்டது.
மாசானமுத்து கையில் கொடுத்தால்
கண்ணாடி துடைக்க ஆகும்.