இரண்டாம் பாகம் மட்டும்

மிஹ்ளார் நானாவின் கடையில்
முதலாம் பாகம் இல்லை.
"எடுத்தவர் திருப்பித் தரல்ல" என்று
கொப்பியில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார்.
பெயருக்கு நேரே
ஜிந்துப்பிட்டி விலாசம் வெட்டப்பட்டு
மேலே ஒரே சொல்: ஜேர்மனி.

ஆகவே எங்களுக்கு
அது செத்த பிறகுதான் கதை தொடங்கியது.

இடிந்த சுண்ணாம்புக் காளவாய். மழை.
வெள்ளைத் தூளுக்குள் வெள்ளை விரல்;
அசைந்தால்தான் விரல்.

யார் அதைக் கொன்றார்கள், எதற்கு,
முதலில் அது யாருக்கு என்ன செய்தது,
ஒன்றும் தெரியாது.
பந்தம் பிடித்த சனத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
கத்தினார்கள், கதவடைத்தார்கள்.
நாங்கள் பாயில் குந்தியிருந்து
அதன் முகத்தையே பார்த்தோம்.
இடது இமை சரியாக ஒட்டவில்லை.
இரவு வேலை முடிந்து
துறைமுகத்திலிருந்து வரும் அப்பாவின் இமை.

ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் போய்
கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தது.
ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டது.
கை முழங்கையோடு நின்றுவிட்டது.
அம்மா சிரித்தா. பிறகு, ஏனோ,
சிலுவை போட்டுக்கொண்டா.

டெக் வாடகை ஓர் இரவுக்கு.
காலை ஏழுக்குள் கொடுத்துவிட வேணும்.
தம்பி கிளிற்றஸ்
தலையணை உறையைத் தலையில் கவிழ்த்து
நூலிடைவெளியால் பார்த்தான்.

கோடு விழும்போதெல்லாம்
அது இடுப்பில் இரண்டாகி
மேல்பாதி வலப்பக்கம் வழுக்கும்.
அப்பா எழும்பி டெக்கின் தலையில் ஒரு தட்டு.
ஒட்டிக்கொள்ளும்.
படத்தில் வந்த டாக்குத்தருக்கு
ஓர் இரவும் இரண்டு வாளி அமிலமும் பிடித்த வேலை.

கடைசியில் மணிக்கூட்டுக் கோபுரம்.
கீழே நாய்கள், பந்தங்கள், ஒரு பாதிரியார்.
மேலே, விளிம்பில், அது.
கையைத் தூக்குகிறது.
வாயைத் திறக்கிறது.
ஏதோ சொல்லப் போகிறது

நாதஸ்வரம்.

கலர்!
கூறைச் சேலையின் சிவப்பு
அறை முழுக்கக் கொட்டியது.
யாரோ கசெற்றின் வாலில்
கலியாணம் பிடித்திருக்கிறார்கள்.
பூப்போட்ட எழுத்தில்: நிரஞ்சலா – தயாபரன்.
வீடியோக்காரனின் வெளிச்சத்துக்குக் கண் கூசி
பந்தியில் ஒவ்வொருவராய் முகத்தைத் திருப்ப,
கிளிற்றஸ் உறையைக் கழற்றினான்.
"அது எங்க? எந்தப் பந்தியில இருக்கு?"

தேடினோம். சத்தியமாகத் தேடினோம்.
அப்பாகூட ரீவிக்குக் கிட்டப் போனார்.
பாயசம் வார்க்கிறவரின் பின்னால்
தூணோடு ஒருவர் நின்றார், உயரமாக.
கோட்டு அளவில்லை.
யாரும் அவரோடு பேசவில்லை.
மணப்பெண் மட்டும் அந்தப் பக்கம் பார்த்து
மெல்லத் தலையசைத்தாள்.
கசெற் முடிந்து
தானாகவே பின்னால் சுற்றத் தொடங்கியது.

போன மாதம் வெள்ளவத்தையில்
குடை திருத்துகிறவருக்குப் பக்கத்துக் கடையில்
இரண்டு பாகமும் ஒரே பெட்டிக்குள்.
துப்புரவாக்கிய பிரதியாம். அறுநூறு ரூபாய்.
முதலாவது தட்டைத் தொடவில்லை.
இரண்டாவதைக் கடைசிக்கு ஓட்டினேன்.
கோடில்லை, தட்டத் தேவையில்லை.
கழுத்தில் இறப்பரின் ஓரம் தெரிகிறது.
கையைத் தூக்குகிறது. வாயைத் திறக்கிறது.
ஒன்றும் சொல்லவில்லை.
விழுகிறது.
நாய்கள். முற்றும்.

இரவு கிளிற்றஸ் எடுத்தான், வின்ரத்தூரிலிருந்து,
பனி தள்ளிவிட்டு வந்த மூச்சோடு.
அப்பாவின் மாத்திரை, தண்ணீர் பில்,
சின்னவளுக்குப் பல் முளைத்தது.
பிறகு, சும்மா, சிரித்துக்கொண்டு:
"அக்கா, அது கடைசியில என்னாச்சு?"

ரீவியில் நாய்கள்
அண்ணாந்தபடி உறைந்து நின்றன.
"கை நனைச்சிட்டுத்தான் போனது" என்றேன்.
"கடைசிப் பந்தி.
பாயசம் ரெண்டாந்தரம் கேட்டதாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"கோட்டு அளவில்லைத்தானே" என்றான்.