இரவு டேட்டா

நள்ளிரவுக்குப் பிறகுதான்
எனக்குரிய டேட்டா விழித்துக்கொள்ளும்.
தொண்ணூற்றாறு ஜிபி.
விளையாட்டுக்கு முதல் ஓர் அப்டேட்,
அப்டேட்டுக்கும் ஓர் அப்டேட்.
தெஹிவளைச் சந்தியில் மாட்டிய
நூறாம் இலக்க பஸ் மாதிரி
ஊர்கிறது நீலக் கோடு.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கடல்பக்க ஜன்னலைப் பூட்டியே வைத்திருக்கிறேன்.
உப்புக்காற்று தின்ற கறுப்புப் பெட்டி ஒன்று
ஏற்கெனவே கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

அதற்கும் முந்தியது
புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியது.
மஞ்சள் கசெட்டின் மேல்
9999 விளையாட்டுகள் என்று போட்டிருந்தது.
உட்கார்ந்து எண்ணியவன் நான்.
பதினொன்று.
மிச்சமெல்லாம் அதே பதினொன்று,
வேறு பெயரில், வேறு நிறச் சட்டையில்.
பிறகு வாக்களிக்கும் வயது வந்தபோது
எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

வேலை செய்யாவிட்டால் கழற்றி ஊதுவோம்.
ஊதினால் வேலை செய்தது.
வேறெதையும் நான் அப்படித் திருத்தியதில்லை.

கறுப்புப் பெட்டி, சிப் போட்டது,
பம்பலப்பிட்டியில் வாங்கினது.
டிஸ்க் நூற்றைம்பது ரூபா, கீறினால் பற்பசை.
சனிக்கிழமைகளில் அதைப் பையில் போட்டுக்கொண்டு
கொட்டாஞ்சேனைக்கு, கிளைமன்ஸ் வீட்டுக்குப் போவேன்.
இரண்டாயிரத்து ஏழு.
வயர்களோடு ஒரு கறுப்புப் பெட்டியை
அந்த வருசம் கொழும்பில் காவித் திரிந்த முட்டாள்.

ஆமர் வீதியில் பஸ்ஸால் இறக்கினார்கள்.
வயர். பெட்டி. இன்னும் வயர்.
"மொகக்த மே?"
எனக்குத் தெரிந்த சிங்களம் முழுக்கத்
தொண்டையில் ஒட்டிக்கொண்டது.
"பிளே ஸ்டேஷன்" என்றேன்.
எந்த மொழியோ, அவனுக்கு விளங்கிற்று.

என் வயதுதான் இருக்கும்.
துவக்கை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு
மெமரி கார்டை எடுத்து
நகத்தால் தட்டிப் பார்த்தான்.
கிரிக்கெட் இருக்கா?
இருக்கு.
எந்த டீம் எடுப்பாய்?

அடையாள அட்டையை நீட்டிய கை
நீட்டியபடியே நின்றது.
ஸ்ரீலங்கா என்றேன்.
நான் எப்போதும் எடுப்பது வெஸ்ட் இண்டீஸ்.

அன்று கிளைமன்ஸ் வீட்டில்
ஸ்ரீலங்காவையே எடுத்தேன்.
ஏன் என்று அவன் கேட்டான், சொல்லவில்லை.
நாற்பத்தெட்டுக்கு எல்லாரும் அவுட்.
அதையும் ஏனோ சேமித்து வைத்தேன்.

இந்தப் புதியது வெள்ளையாய், உயரமாய்,
வரவேற்பறைக்கு வந்த மணமகன் வீட்டார் மாதிரி
ஒன்றையும் தொடாமல் நிற்கிறது.
நாலு மாதச் சம்பளம்.
முதலில் கேட்டது நாட்டை.
பட்டியலைக் கீழே கீழே தள்ளினேன்.
ஸ்பெயினுக்குப் பிறகு சுவீடன்.
மேலே போய்த் திரும்ப வந்தேன்.
ஸ்பெயினுக்குப் பிறகு சுவீடன்தான்.

கனடா என்று கொடுத்தேன்.
கிளைமன்ஸின் தெரு, அவனுடைய தபால் குறியீடு.
நல்வரவு என்றது.
இரண்டு தரம் விசா மறுக்கப்பட்டவன் நான்.
இங்கே ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

"சேமிக்கிறது. மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்."
இதை யாராவது
மின்சார சபைக்கு எழுதிப் போடுங்கள்.
பத்து மணித்தியாலம் இருட்டில் இருந்த வருசத்தில்
நான் ஒரு கோட்டையை ஏழு தரம் பிடித்தேன்.
ஏழு தரமும்
சேமிப்பதற்குள் போய்விட்டது.

நாலு மணி. எழுபத்தொரு வீதம்.
ஸ்காபரோவில் அவனுக்குப் பின்னேரம்.
"வாறியா?" என்று எழுதுகிறான்.
பிள்ளையை நித்திரையாக்கினால்
ஒரு மணித்தியாலம் கிடைக்குமாம்.
இன்னும் இருபத்தொன்பது என்கிறேன்.
பதில் வரவில்லை. பிள்ளை எழும்பியிருக்கும்.

மெமரி கார்ட் லாச்சியில்,
கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில்.
எட்டே எட்டு எம்பி.
அதற்குள்ளே இன்னும் நாற்பத்தெட்டு ஓட்டம்.
திறக்க என்னிடம் இயந்திரம் இல்லை.
அந்த ஆமிக்காரன்
இப்போது என்ன வைத்து விளையாடுகிறானோ,
விளையாட இருக்கிறானோ.

முதல் ரயில் போகிறது. கண்ணாடி அதிர்கிறது.
எட்டு மணிக்கு இரவு முடிந்ததென்று
கம்பனி அறிவிக்கும்.
அதற்குள் முடியாது.
எழும்பி, வேலைக்குப் போடும் சட்டையை
அயன் பண்ணத் தொடங்குகிறேன்.