சலவைக் கணக்கு

யாங்சி ஆற்றங்கரை, 1927

மலைமேல் வீட்டுக்கு வாரம் இருபத்திரண்டு படுக்கை விரிப்பு.
ஒவ்வொன்றின் மூலையிலும் அழியாத மையில்
ஓர் எண் போடுவாள் ஃபெங்யூ.
எழுத்து தெரியாது. வெள்ளைக்காரர் எண்கள் தெரியும்.

புருஷன் தெச்சாங் ஆற்றில் இருக்கிறான்,
சாம்பல்நிறப் பீரங்கிக் கப்பலின் அடிவயிற்றில்,
மாலுமிகளின் காலர்களுக்குக் கஞ்சி போட்டபடி.
கரையில் இவளும் தண்ணீரில் அவனும்
ஒரே கூட்டத்து அழுக்கைத்தான் வெளுத்தார்கள்.

வடக்குப் படை ராவோடு ராவாக ஓடியது,
போகிற போக்கில் கறிக்கடையைத் துடைத்துவிட்டு.
விடிந்ததும் தெற்குப் படை.
வைக்கோல் செருப்பு, தோளில் குறுக்கே அரிசிப்பை,
மீசை அரும்பாத முகங்கள்.
"வெள்ளைக்காரன் வீடு எது?"
கேட்டவனுக்குச் சளி பிடித்திருந்தது.
அவள் கைகாட்டவில்லை.
மலையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

அன்று துணி கொடுக்கும் நாள்.
மூட்டையோடு பின்வாசலுக்குப் போனாள்.
ஒருவன் குளியல்தொட்டியைத் தூக்க முயன்று
பாதிப் படியில் போட்டுவிட்டிருந்தான்.
ஒருவன் தலைத் தைலத்தைச் சாராயமென்று குடித்து
ரோஜாச் செடிக்கு வாந்தியெடுத்தான்.
ஒருவன் மூன்று மூக்குக்கண்ணாடிகளையும்
ஒன்றன்மேல் ஒன்றாய் மாட்டிக்கொண்டு
உலகம் இவ்வளவு அருகிலா என்று சிரித்தான்.

நடைபாதையில் பல் மருத்துவர் கிடந்தார்.
கடிகாரத்தைக் கழற்றத் தாமதித்தாராம்.
அந்தச் சட்டை இவள் வெளுத்தது.
ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், உப்பு,
வெந்நீர் படவே கூடாது:
அந்த நேரத்தில் அவளுக்கு அதுதான் ஓடியது.
வேறெதுவும் ஓடவில்லை.

தோட்டத்து மூலையில், நகரத்து மதில்மேல்
பெண்களும் பிள்ளைகளும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.
விரிப்போடு விரிப்பு முடிச்சிட்ட கயிறு.
நாலு, பதினொன்று, ஒன்பது, இருபது,
அவள் மைக்கையெழுத்தைப் பிடித்தபடி
ஒவ்வொருவராய் அந்தப் பக்கம் மறைந்தார்கள்.
கூரைமேல் ஒருவன்
தலையணை உறையை ஆற்றைப் பார்த்து ஆட்டினான்.

ஆறு பதில் சொன்னது.

முதல் குண்டு மூங்கில் புதரில்.
இரண்டாவது குளத்தில், மீன்கள் மரத்தில் தொங்கின.
பட்டாளத்துப் பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடினார்கள்.
பிறகு வந்தவற்றை அவள் எண்ணவில்லை.
ஒன்று மட்டும் மலையைத் தாண்டி,
மலையோடு சண்டையே இல்லாத சந்தில் விழுந்தது.

சோயாக்கட்டி விற்கிற ஷி லாவ்கென்
அன்றைக்குக் கடை திறக்கவில்லை.
பயந்து வீட்டிலேயே இருந்தார்.

மறுநாள் மதிலடியில் முடிச்சுகளை அவிழ்த்தாள்.
மழையில் நனைந்து இறுகியிருந்தன.
பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.
சவப்பெட்டிக்குத் தச்சன் கிடைக்காத நகரத்தில்
ஒன்பதாம் எண் விரிப்பு
லாவ்கென்னுக்குச் சரியாக இருந்தது,
கால் மட்டும் கொஞ்சம் வெளியே.

தெச்சாங் இருபது நாள் கழித்து வந்தான்.
"எங்கே சுடுகிறார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?
ஒவ்வொரு முழக்கத்துக்கும் இஸ்திரிப்பெட்டி துள்ளிற்று.
ஏழு சட்டை கருகிப்போச்சு.
சம்பளத்தில் பிடித்துவிட்டான்."
சீட்டை நீட்டினான். ஏழு.
அவளுக்கு அந்த எண்ணும் தெரியும்.
சந்தில் செத்தது எத்தனை பேர் என்று
அவன் கேட்கவில்லை. அவள் சோறு போட்டாள்.
கஞ்சிப்பசை மணக்கும் விரல்களால் பிசைந்து,
சாப்பிடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

கோடையில் மலைவீட்டுக்குப் புது ஆட்கள் வந்தார்கள்.
குமாஸ்தா பாவ் பழைய பேரேட்டைப் பிரித்து
விரலை எச்சில் தொட்டு இறக்கினான்.
கிழிந்தது ஆறு, கறை நாலு, எல்லாம் சரி.
"ஒன்பது எங்கே?"

ஃபெங்யூ கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.
"இன்னும் காயவில்லை" என்றாள்.