வாக்குச்சாவடி எண் மூன்று, லோஃபா

விடியுமுன் வந்து கரும்பலகையை அழித்தோம்.
ஏழாம் வகுப்பின் பின்னக் கணக்கொன்று
பாதியில் நின்றிருந்தது.

அவன் பத்தரைக்கு வந்தான்.
வரிசையில்தான் நின்றான், எல்லோரையும் போல.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

கெசெலி. வேட்பாளர் எண் ஐந்து.
சண்டைக் காலத்தில் அவனுக்கு வேறு பெயர்.
அதை நான் எழுதமாட்டேன்,
எழுதினால் இன்னும் கொஞ்ச நாள் வாழும்.

சோதனைச்சாவடி என்றால் அப்போது
இரண்டு கழி, குறுக்கே ஒரு கயிறு.
என் அண்ணன் ஃபோர்க்பாவைக்
காற்சட்டையைத் தூக்கச் சொன்னான்.
கெண்டைக்காலில் வளையமாய் ஒரு தடம்.
பூட்ஸ் போட்டவன், ராணுவத்தான் என்றான்.
கால்பந்துக் காலுறை ஐயா, காலுறை,
ரப்பர் இறுக்கிய தடம்
என்று கத்தியது நான்தான். பதினோரு வயது.
கயிற்றை இறக்கி
என்னை மட்டும் போகவிட்டார்கள்.

"விரலை நீட்டுங்கள்."
விதிப்புத்தகம், பக்கம் பதினாறு:
இடது பெருவிரல், நகக்கண் வரை.
நீட்டினான். ஒட்ட வெட்டிய சுத்தமான நகம்.
மைப்புட்டிக்குள் அமுக்கிப் பிடித்தேன்,
தேவைக்கு மேல் ஒரு நொடி,
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.
"நன்றி, மேடம்" என்றான்.
என்னைத் தெரியவில்லை அவனுக்கு.

ஆறு மணிக்குக் கதவடைத்தோம்.
தகரக் கூரையில் மழை, மேசையில் பேட்டரி விளக்கு.
ஒவ்வொரு சீட்டையும் விரித்து
முகவர்களுக்குக் காட்டி
பெயரை உரக்கப் படிக்க வேண்டும். சட்டம்.
கெசெலி.
கெசெலி.
வேறொருவர்.
கெசெலி.
மழையில் கேட்கவில்லை என்று
பின்பெஞ்சு முகவர் கைதூக்கினார்,
இன்னும் சத்தமாகப் படித்தேன்.
நூற்றுத் தொண்ணூற்று நான்கு முறை.
என் அண்ணன் பெயரை இத்தனை ஆண்டுகளில்
அத்தனை முறை சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

நூற்று முப்பதோ என்னவோ, ஒரு சீட்டு
மருந்துப் பொட்டலம் போல
மூன்று மூலையாக மடிந்திருந்தது.
எங்கள் தெருவில் அப்படி மடிப்பவள் ஒருத்திதான்,
உப்பு விற்கும் கொர்ப்போ.
அதே கயிற்றடியில் இரண்டு மகன்களை விட்டவள்.
தெரியாதவள் போல விரித்தேன்.
படித்தேன்.

கேட்கலாம் அவளிடம். கேட்டு?
போன மழைக்கு மரப்பாலம் மூழ்கி
ஆற்றுக்கு இந்தப் பக்கமே
வலியோடு கிடந்து போனாள் அவள் மகள்,
மறுகரையில் ஆஸ்பத்திரி விளக்கு தெரியத் தெரிய.
கெசெலி பாலம் கட்டுகிறேன் என்றான்.
சிமெண்ட் வந்து இறங்கியிருக்கிறது,
மூட்டைகளை நானே எண்ணிப் பார்த்தேன்.
மற்ற நால்வரும் நல்லவர்கள்.
எங்களுக்காக மிகவும் வருந்தினார்கள்.

கூட்டலை இருமுறை சரிபார்த்தேன்.
கள்ள வாக்கு இல்லை. செல்லாதவை ஏழு.
எங்காவது ஒரு பிழை இருந்துவிடாதா என்று
மூன்றாம் முறையும் பார்த்தேன்.
கையெழுத்திட்டேன்.

வண்டி அக்கரையில்.
பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு
அதே மரத்தடிகள் மேல் நடந்தேன்.
கீழே ஆறு, சத்தம் மட்டும்.
என் காலடிக்கு ஓரடி முன்னால்
பொறுமையாக யாரோ டார்ச் அடித்தபடி வந்தார்கள்.
கெசெலியின் மகன் அக்கோய். பதினேழு இருக்கும்.
"பார்த்து அக்கா, இந்தத் தடி வழுக்கும்" என்றான்.

வழுக்கியது.
ஒரு கையால் பெட்டியை விடாமல்
மறு கையால்
அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.