பாக்கி

உன்னை வைத்துப் பூசிவிட்டு வந்தோம், எவரிஸ்ட் மெலான்சன்.
இந்தப் பக்கம் இரண்டடி தோண்டினால் தண்ணீர்.
அதனால் செத்த பிறகும் லூசியானாக்காரன்
தரைக்கு மேலேதான் நிற்க வேண்டியிருக்கிறது,
வேட்பாளர் மாதிரி.

என் பேரேட்டில் உன் பெயருக்கு நேரே
ஆயிரத்து நூற்று நாற்பது டாலர்.
ஜெபத்தின் நடுவே அது நினைவுக்கு வந்தது.
பாதிரியார் மன்னிக்கட்டும்.

முதல் தடவை நீ அச்சகத்துக்குள் நுழைந்தபோது
மஞ்சள் சட்டை, முதலைத்தோல் செருப்பு,
கக்கத்தில் ஒரு சேவல்.
"இவர்தான் வேட்பாளர். இருநூறு சுவரொட்டி" என்றாய்.
கரை வாரியத் தலைவரை எதிர்த்து நிற்க
ஊரில் எவனுக்கும் தெம்பில்லாத வருஷம் அது.
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்
பென்சிலால் சேவலின் பெயரை எழுதிவிட்டு வந்தார்கள்.
மறுநாள் உன் வாசலில் காத்திருந்தவர்களில்
அந்தத் தலைவரும் ஒருவர்.

பிறகு உன்னைக் கையில் பிடிக்க முடிந்ததா?
குதிரைச் சந்தைபோல் வேட்பாளரின் பல்லைப் பார்த்துக் கூலி பேசுவாய்.
மழையில் ஓட்டுப்போட வருகிறவன் கோபக்காரன்,
அவனுக்குக் குடை கொடுக்காதே,
எதிரியைக் கொடு என்பாய்.
தோற்ற செனட்டர் ஒருவர் சம்பளமாக
நான்கு பெட்டி இறால் அனுப்பினார்.
அதில் ஒன்றை என் கடனுக்குக் கழித்துக்கொள்ளச் சொன்னாய்.
ஜூலை மாசம். நாறிவிட்டது.

வாஷிங்டன் கூப்பிட்டது. போனாய்.
தொலைக்காட்சியில் ஊதாக் கோட்டோடு உட்கார்ந்து
எதிரே இருந்தவரைப் பேசவிடாமல் சிரித்தாய்.
மூன்றாம் கல்யாணத்துக்கு
பொன்னெழுத்தில் அழைப்பிதழ் வேண்டுமென்று
அங்கிருந்தே தொலைபேசினாய்.
அதுவும் பாக்கிதான்.

எழுபத்தொன்பது பற்றி நாம் பேசியதேயில்லை.

ஷெரீஃப் தேர்தல். கிளோவிஸ் ட்ராஹான் நல்ல மனிதர்.
குடியில்லை, லஞ்சமில்லை, வாயே இல்லை.
நீ இரண்டு வாரம் அவர் வீட்டெதிரே காரில் படுத்துக் கிடந்து
ஒரே ஒரு வரியோடு வந்தாய்.
பொய் ஒரு சொல்கூட இல்லை.
பச்சை மையில், ஒன்பதாயிரம் அட்டை:

"கிளோவிஸ் ட்ராஹான்
ராத்திரியில் ஏன் கதவைப் பூட்டுகிறார்?"

யாரும் கதவைப் பூட்டாத ஊர் எங்களுடையது.
மிச்சத்தை ஊரே எழுதிக்கொண்டது.
நீ எழுதியிருந்தால்கூட அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாய்.
நானூற்றுப் பதினேழு ஓட்டில் உன் ஆள் ஜெயித்தார்.
ட்ராஹான் கடையை விற்றார், மீன்பிடிக்கக்கூட வெளியே வரவில்லை.

மகளுக்குத் தூக்கத்தில் நடக்கும் வியாதி.
வீட்டுக்குப் பின்னால் இருபது அடியில் கால்வாய்.
அவ்வளவுதான் விஷயம்.
பெண்ணின் பெயர் வெளியே வரக்கூடாதென்று
அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

இன்று அவள் வந்திருந்தாள். ஓரேலி.
ஐம்பதைத் தாண்டிவிட்டாள், நரையை மறைக்கவில்லை.
சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டபடி
யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:
"அந்தப் பூட்டு ஒன்றுக்கும் உதவாது.
தூக்கத்திலேயே திறந்துவிடுவேன்.
அப்பா கதவுக்குக் குறுக்கேதான் படுப்பார்."
பிறகு உப்பு கேட்டாள்.
பக்கத்தில் இருந்தவன் நான். எடுத்துக் கொடுத்தேன்.
என்ன தொழில் என்று கேட்டதற்கு
ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து பேரேட்டைப் புரட்டினேன்.
சேவல், பாக்கி. செனட்டர், பாக்கி. கல்யாணம், பாக்கி.
உன் கணக்கு முழுக்க ஒரே ஒரு வரிதான்
அன்றன்றைக்கே தீர்ந்திருக்கிறது:
பச்சை மை, ஒன்பதாயிரம்,
ரொக்கம், என் கையெழுத்து.

நீ நோட்டுகளை நாக்கில் விரல் தொட்டு எண்ணினாய்.
ஒருமுறை எண்ணி, மறுபடியும் எண்ணினாய்.
எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.
அந்தக் காசில் வாங்கிய காகிதம் வெட்டும் இயந்திரத்துக்கு
இதுவரை ஒருதடவைகூடச் சாணை பிடிக்கவில்லை.
இன்னும் நன்றாக வெட்டுகிறது.